விஞ்ஞானி ஏன் எப்போதும் தனியாகவே நிற்கிறார்?

களியக்காவிளை தாண்டி, கேரளத்தின் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "ஒரு விஞ்ஞானியை வரையுங்கள்" என்று தாள் கொடுத்தாராம். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே ஆள்: சிலுப்பிய தலைமுடி, தடித்த கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, கையில் புகை வரும் குடுவை. அந்த வகுப்பில் அம்மாவோ மாமாவோ தும்பாவிலும் வலியமலையிலும் உள்ள இஸ்ரோ மையங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் இதையேதான் வரைந்தார்கள். ஒரு சிறுமியிடம் "உங்க அம்மாவை வரையலாமே" என்று கேட்டதற்கு, "அம்மா ஆபீசுக்குத்தானே டீச்சர் போறாங்க" என்றாளாம். இந்தப் படம் எங்கிருந்து வந்தது, சினிமாதான் காரணமா, இதை மாற்ற முடியுமா என்பது டீச்சரின் கேள்வி.

நான் இந்த எல்லைப் பகுதியிலேயே இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று தும்பாவின் வி.எஸ்.எஸ்.சி. விண்வெளி மையத்திலும், ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் மகேந்திரகிரியிலும் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் படங்களில் முடியும் கோட்டும் பெரிய குற்றமில்லை. அந்த ஆள் தனியாக நிற்பதுதான் எனக்குக் கவலை. ஏன் என்று விளக்கக் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும்.

டீச்சர் வகுப்பில் செய்ததை உலகம் முழுக்கப் பல காலமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1957இல் மார்கரெட் மீட், ரோடா மெட்ரோ என்ற இரண்டு மானிடவியலாளர்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய 35,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் விஞ்ஞானியைப் பற்றி எழுதியதை வைத்து ஆராய்ந்தார்கள். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, நடுவயதோ முதுமையோ, சுற்றிலும் குடுவைகள்: அன்றைக்கே அதே ஆள்தான். பிறகு டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1966 முதல் 1977 வரை கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பிள்ளைகளிடம் படம் வரையச் சொல்லி, 4,807 படங்களின் முடிவை 1983இல் வெளியிட்டார். அதில் பெண் விஞ்ஞானி இருந்த படங்கள் 28 மட்டுமே. அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். ஒரு பையன்கூட ஒரு பெண்ணை வரையவில்லை.

சேம்பர்ஸ் கண்ட இன்னொரு விஷயம் டீச்சருக்கு முக்கியம். மழலை வகுப்புப் பிள்ளைகளின் படங்களில் இந்த அடையாளங்கள் கிட்டத்தட்ட இல்லை. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் கோட்டும் கண்ணாடியும் எட்டிப் பார்க்கின்றன. வகுப்பு ஏற ஏறக் கூடுகின்றன. அதாவது பிள்ளை இதைக் கற்றுக்கொள்கிறது. அப்படியானால் வேறு விதமாகவும் கற்றுக்கொள்ள முடியும். 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் அதைத்தான் காட்டுகிறது. அமெரிக்காவில் ஐந்து பத்தாண்டுகளில் நடந்த 78 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அறுபது, எழுபதுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத பெண் விஞ்ஞானிப் படம், பிற்காலத்தில் சராசரியாக நூற்றுக்கு 28 ஆகியிருந்தது. நாடு மாறினால், பார்க்கும் ஆட்கள் மாறினால், படமும் மாறுகிறது.

சரி, எங்கிருந்து வந்தது? மேற்கில் எல்லோரும் கைகாட்டுவது ஃபிராங்கன்ஸ்டைனை. ஆனால் மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அதில் வரும் விக்டர் ஒரு கல்லூரி மாணவன், இளைஞன். ஒரு வீட்டின் மாடியறையில் வேலை செய்கிறான். கோட்டை கொத்தளமும் இல்லை, கூன் விழுந்த உதவியாளனும் இல்லை. அவையெல்லாம் நாடக மேடையும், பிறகு 1931இல் வந்த ஹாலிவுட் படமும் ஒட்டவைத்தவை. இடி மின்னல், பொறி பறக்கும் கம்பிச் சுருள்கள், "உயிர் வந்துவிட்டது" என்ற கூச்சல் என்று அந்தப் படம் போட்டுக்கொடுத்த ஆய்வகத்தைத்தான் நம் ஊர் கார்ட்டூன்வரை இன்னமும் நகலெடுக்கிறார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1927இல், ஜெர்மனியின் மெட்ரோபோலிஸ் படத்தில் ஒற்றைக் கறுப்புக் கையுறையோடு ஒரு பித்துப் பிடித்த கண்டுபிடிப்பாளர் வந்துவிட்டார்.

தலைமுடி ஐன்ஸ்டைனுடையது. அதிலும் வயதான ஐன்ஸ்டைனுடையது. ஒளி, காலம், வெளி பற்றிய அந்தப் பெரிய கட்டுரைகளை அவர் எழுதியது 1905இல், 26 வயதில், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு. அந்தக் காலப் புகைப்படத்தில் முடி ஒழுங்காக வாரியிருக்கிறது, மீசை நறுக்காக இருக்கிறது. நமக்குத் தெரிந்த வெள்ளை முடி முகத்தோடு அணுகுண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டது. 1946இல் டைம் இதழ் அந்த முகத்தையும் காளான் மேகத்தையும் ஒரே அட்டையில் போட்டது. அணுகுண்டு பற்றி 1939இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டது உண்மை. குண்டு செய்த திட்டத்தில் அவர் வேலை செய்யவில்லை. ஆனாலும் மேதை, பைத்தியம், பேரழிவு மூன்றும் ஒரே தலைமுடிக்குள் சிக்கிக்கொண்டன.

இதோடு நிறுத்திவிட்டால் பாதி பதில்தான். நம் பிள்ளைகள் வரையும் ஆளுக்கு உள்ளூர் வேரும் உண்டு என்பது என் எண்ணம். 1951இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த பாதாள பைரவியில் எஸ்.வி. ரங்காராவ் நடித்த மந்திரவாதியை நினைத்துப் பாருங்கள். தாடி, உலகத்துக்குத் தெரியாத குகை, கூடவே ஒரு சீடன், கைக்கு எட்டாத ஒரு சக்தியின் மேல் வெறி. அதற்கும் முன்னால், காட்டுக்குள் போய் ரசவாதம் செய்த சித்தர் கதைகள் நம்மிடம் ஏராளம். குகை இருந்த இடத்தில் ஆய்வகத்தையும், மந்திரக்கோல் இருந்த இடத்தில் ரிமோட்டையும் வைத்துவிட்டால் தமிழ் சினிமாவின் விஞ்ஞானி தயார். 2010இல் வந்த எந்திரனில் வசீகரனை முதலில் காட்டும்போதே தாடியும் முடியும் வளர்ந்து, காதலியை மறந்து, ஆய்வகத்தில் தவம் கிடப்பவராகத்தான் காட்டுகிறார்கள். பத்து வருட உழைப்பாம். கூட இருப்பவர்கள் இரண்டே உதவியாளர்கள், அவர்களும் சிரிப்பு மூட்ட வந்தவர்கள். எதிரி யார் என்றால் அவருடைய பேராசிரியரே. நல்ல விஞ்ஞானி முனிவர், கெட்ட விஞ்ஞானி மந்திரவாதி. மூன்றாவது வகை நம் திரையில் அநேகமாக இல்லை.

இயக்குநர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இரண்டரை மணி நேரத்தில் கதை சொல்ல ஒரு முகம் வேண்டும். முப்பது பேர் ஒரு அறையில் உட்கார்ந்து ஒரு வால்வு ஏன் ஒரு விநாடி தாமதமாகத் திறந்தது என்று மூன்று வாரம் மல்லுக்கட்டுவதை யாரும் டிக்கெட் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்த மூன்று வாரம்தான் அறிவியல்.

கிட்டே போய்ப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு முடியையே எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோளைக் கோத்துச் சேர்க்கும் அறைக்கு க்ளீன் ரூம் என்று பெயர். பொதுவான ஒரு தரப்படி, அங்கே ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனித முடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் வரும். ஒரு முடியோ, தோலில் இருந்து உதிரும் ஒரு செதிலோ கேமராக் கண்ணாடியில் உட்கார்ந்துவிட்டால், மேலே போனபிறகு துடைக்க ஆளில்லை. அதனால் உள்ளே போகிறவர் தலைக்கு உறை, வாய்க்கு முகமூடி, கழுத்து முதல் கால்வரை அங்கி, செருப்புக்கு உறை எல்லாம் போட்டு, உடம்பில் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க மணிக்கட்டில் ஒரு பட்டையும் கட்டிக்கொள்கிறார். அந்த உடை அவரைக் காப்பாற்ற இல்லை. அவரிடமிருந்து கருவியைக் காப்பாற்ற. சிலுப்பிய முடியோடு ஒருவர் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

புகை வரும் குடுவையும் அப்படித்தான். சினிமாவில் கலர் தண்ணீரில் உலர் பனிக்கட்டி போட்டால் வேலை முடிந்தது. நிஜ வேதியியல் கூடத்தில் பெரும்பாலான கரைசல்களுக்கு நிறமே இல்லை. புகையோ ஆவியோ வரும் வேலையைக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். முகத்துக்கு நேரே குடுவையைப் பிடித்துப் புகை விட்டால் அங்கே பாதுகாப்பு சரியில்லை என்று பொருள்.

புகைப்படங்களும் சினிமா அளவுக்கு ஏமாற்றும். மாட்டுவண்டியில் ஒரு செயற்கைக்கோள் நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஏழை நாடு, லாரிகூட இல்லை, ஆனாலும் சாதித்தார்கள்" என்று வாட்ஸாப்பில் சுற்றும். 1981 ஜூன் 19ஆம் தேதி ஏரியான் ராக்கெட்டில் போன ஆப்பிள் செயற்கைக்கோள் அது. அதன் ஆன்டெனாவைத் திறந்த வெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. சுற்றி உலோகம் இருந்தால் அலைகள் பட்டுத் திரும்பி அளவீட்டைக் கெடுக்கும். உலோகத்தால் ஆன லாரி ஆகாது, மரவண்டி ஆகும். யோசித்து எடுத்த பொறியியல் முடிவு அது. நாம் அதை ஏழ்மையின் படமாக ஆக்கி உச்சுக்கொட்டுகிறோம்.

தும்பாவிலும் இதே கதைதான். 1963 நவம்பர் 21ஆம் தேதி முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி, அதில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. பூமியின் காந்த நடுக்கோடு அந்தக் கரையோரம் போவதால் இடம் தேர்வானது. தேவாலயத்தையும் குடியிருப்புகளையும் விட்டுக்கொடுத்தவர்கள் அங்கிருந்த மீனவர்கள். பிஷப் வீடு பணிமனை ஆனது, மகதலேனா மரியாள் ஆலயம் அலுவலகம் ஆனது. இத்தனை பேர், இத்தனை நாடுகள். நம் நினைவில் நிற்பதோ சைக்கிள் கேரியரில் ராக்கெட் முனை இருக்கும் ஒரு படம் மட்டும்.

அதே தும்பாவில் வானிலை அளக்கும் கோபுரத்தையும் கருவிகளையும் அமைத்துக் கொடுத்தவர் அன்னா மாணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். சி.வி. ராமனின் கூடத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. பிறகு வானிலைத் துறைக்குப் போய், காற்றையும் வெயிலையும் ஓசோனையும் அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே செய்யவைத்தார். இன்றைக்குச் சூரிய மின்பலகை போடுகிறவர்கள் கணக்குப் போடும் வெயில் அளவுகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். குமுளி, பீர்மேடு வழியே போய்வரும் நம் ஆட்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

பெண்கள் பற்றிய படம் 2014இல் ஒருமுறை நிஜமாகவே அசைந்தது. செப்டம்பர் 24ஆம் தேதி மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்த அன்று, பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்த பெண்கள் ஒருவரை ஒருவர் தழுவிச் சிரிக்கும் படம் உலகம் முழுக்கப் போனது. அவர்கள் நிர்வாகப் பணியாளர்கள் என்று இஸ்ரோ பிறகு விளக்கியது. கூடவே, அந்தத் திட்டத்தில் பல பெண் விஞ்ஞானிகள் வேலை பார்த்தார்கள், கட்டுப்பாட்டு அறையிலும் இருந்தார்கள் என்றும் சொன்னது. இரண்டுமே எனக்குச் சந்தோஷம்தான். சம்பளப் பட்டியல் போட்டவரும் சிரிக்க உரிமை உள்ளவர். ஆனால் அதற்குப் பிறகு செய்தித்தாள்கள் ஒரு புது அச்சு செய்துவிட்டன: "ராக்கெட் பெண்மணி." வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவர்களிடம் மட்டும் கேட்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆணிடம் யாரும் கேட்பதில்லை.

செங்கோட்டையில் பிறந்து, அங்கேயே அரசுப் பள்ளியில் படித்து, திருநெல்வேலியில் பொறியியல் முடித்த நிகார் சாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர். 2023 செப்டம்பர் 2இல் கிளம்பிய அந்தக் கலம் 2024 ஜனவரி 6இல் பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நிலைகொண்டது. ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் உள்ள ஊர்க்காரர். நம் பக்கப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான முகம் வேறு என்ன வேண்டும்?

இப்போது என் கவலைக்கு வருகிறேன். தனி ஆள் என்ற படம் வெறும் படமாக நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 1994இல் அது ஒரு மனிதரின் வாழ்க்கையில் இறங்கியது. நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் அந்த நவம்பரில் திருவனந்தபுரத்தில் கைது செய்யப்பட்டார். ராக்கெட் எஞ்சின் ரகசியங்களை மாலத்தீவுப் பெண்கள் வழியாகப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. பத்திரிகைகள் பல வாரம் அதைத் தொடர்கதையாக எழுதின. எல்லைக்கு இரண்டு பக்கமும் டீக்கடையில் அதுதான் பேச்சு. சி.பி.ஐ. விசாரித்து 1996இல் குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கைது தேவையற்றது என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

அன்றைக்கு அதை ஏன் அத்தனை பேர் நம்பினார்கள்? காவல்துறை, அரசியல் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாதாரண ஆட்கள் நம்பியதற்குச் சினிமா ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். பார்முலா ஒரு நோட்டில் இருக்கும், அது ஒரு விஞ்ஞானியின் பெட்டியில் இருக்கும், ஒரு அழகி அதைத் திருடுவாள் என்று நமக்குப் பல வருடம் பழக்கியிருந்தார்கள். செய்தி அந்தக் கதைக்கு அப்படியே பொருந்தியது.

நிஜத்தில் எஞ்சின் எப்படிக் கைமாறும் தெரியுமா? இஸ்ரோ ராக்கெட்டுகளில் உள்ள விகாஸ் எஞ்சினையே பாருங்கள். அதன் மூலம் பிரான்சின் வைக்கிங் எஞ்சின். 1974இல் போட்ட ஒப்பந்தப்படி, தொழில்நுட்பத்துக்கு விலையாக நம் பொறியாளர்கள் அங்கே போய் நூறு ஆள்-ஆண்டு, அதாவது நூறு பேர் ஒரு வருடம் உழைப்பதற்குச் சமமான உழைப்பைக் கொடுத்தார்கள். கூடவே நின்று, வரைந்து, சோதித்து, கெட்டுப்போனதைப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றார்கள். 1985இல்தான் அந்த எஞ்சினை எரித்துச் சோதித்தார்கள். மிகக் குளிரவைத்த எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு இன்னும் நீண்ட பாடு. நாமே செய்தது 2010 ஏப்ரலில் பறக்கும்போது தோற்றது, 2014 ஜனவரியில்தான் ஜெயித்தது. நல்ல மீன்குழம்பு வைக்கிற ஒருவரிடம் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டு போனால் அந்த ருசி வந்துவிடுமா? காகிதத்தில் இருப்பது கொஞ்சம். மிச்சமெல்லாம் பல நூறு பேரின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. இது பொதுவாகத் தெரிந்திருந்தால் அந்தக் கதை அவ்வளவு சுலபமாகப் பரவியிருக்காது.

2022இல் ராக்கெட்ரி படம் வந்து நம்பி நாராயணன் பக்கத்து நியாயத்தைச் சொன்னது நல்ல காரியம். ஆனாலும் அதில்கூட எஞ்சின் ஒரு நாயகனின் சாகசமாகத்தான் தெரிகிறது. நல்லவரைக் காட்டவும் சினிமாவுக்குத் தனி ஆள்தான் தேவைப்படுகிறது.

கலாம் ஐயாவுக்கும் நாம் இதைத்தான் செய்தோம். 1979 ஆகஸ்டில் அவர் பொறுப்பில் இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்களைச் சந்தித்து, பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலையில் ஜெயித்தபோது கலாமை அனுப்பிப் பேசவைத்தார். கலாம் போன இடமெல்லாம் இதைச் சொன்னார். நம் சுவர்களில் இருப்பதோ முடியும் வீணையுமாக ஒற்றை மனிதர்.

டீச்சரிடம் என் யோசனை இதுதான். அடுத்த முறை "விஞ்ஞானியை வரை" என்று சொல்லாமல், "ஒரு ராக்கெட் கிளம்பும் முன்னால் அதில் வேலை பார்க்கும் ஐந்து பேரை வரை, ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று எழுது" என்று கேளுங்கள். பிள்ளைகள் திணறுவார்கள். அப்போது வகுப்பிலேயே உள்ள பிள்ளைகளின் அம்மாவையோ மாமாவையோ ஒரு மணி நேரம் கூப்பிடுங்கள். இயக்குநர், விருது பெற்றவர் என்று தேட வேண்டாம். ஐ.டி.ஐ. படித்து வெல்டிங் செய்கிறவர், எரிபொருள் வார்ப்புக்கு ஷிப்டில் போகிறவர், கம்பி இணைப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் வரட்டும். சாதனையைப் பற்றிப் பேசச் சொல்லாதீர்கள். ஒரு சோதனை தோற்ற நாளைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்: எப்படித் தெரிந்தது, யார் முதலில் சொன்னது, ரிவ்யூவில் யார் என்ன கேட்டார்கள், திரும்பச் செய்ய எத்தனை மாதம் ஆனது. ரகசியம் எதையும் தொடாமலே இதைச் சொல்ல முடியும், அவர்களுக்கு எல்லை தெரியும். ஆபீசுக்குத்தானே போறாங்க என்ற சிறுமியின் அம்மாவை முதலில் கூப்பிடுங்கள்.

அப்புறம் தும்பா. அந்த ஆலயக் கட்டடம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். பாறசாலையில் இருந்து காலையில் பள்ளி வண்டியில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். பார்வை நேரத்தையும், மாணவர் குழுவுக்கான நடைமுறையையும் இணையத்தில் பார்த்துவிட்டு, பள்ளி லெட்டர்பேடில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எல்லா வகுப்பையும் ஒன்றாகக் கூட்டிப் போகாதீர்கள். ஒரே வகுப்பு போனால்தான் காட்டுகிறவரிடம் பிள்ளைகள் நின்று கேள்வி கேட்க நேரம் கிடைக்கும்.